டார்டிவ் டிஸ்கினீசியா: பொருளும் வேரும் தமிழ்ப்பெயரும்

மனச்சிதைவு, இருமுனைப் பிறழ்வு முதலிய நோய்களுக்கு தரப்படும் ஆன்டிசைக்காட்டிக் எனும் உளநோய் மருந்துகளை மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ உட்கொண்டவர்களில் சிலருக்கு உதடு அடிக்கடி குவிகிறது. நாக்கு வெளியே துருத்துகிறது. வாயில் எதுவும் இல்லாதபோதும் தாடை மெல்லுவதுபோல் அசைகிறது. விரல்கள் தாமாக நெளிகின்றன. அவர்கள் விரும்பிச் செய்பவையல்ல இவை. உறக்கத்தில் மறைந்து, விழித்ததும் திரும்பிவிடும். இந்நிலைக்கு மருத்துவம் இட்ட பெயர் டார்டிவ் டிஸ்கினீசியா.

பெயரின் முதற்பகுதி, மெதுவான, பிந்திய என்று பொருள்படும் ‘டார்டுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டாம் பகுதி கிரேக்கம்: ‘டிஸ்’ என்பது கெட்ட, குறைபட்ட என்று பொருள் தரும் முன்னொட்டு, ‘கினேசிஸ்’ என்பது இயக்கம். நாம் நாள்தோறும் சொல்லும் சினிமா என்ற சொல்லும் இந்தக் கிரேக்க வேரிலிருந்து கிளைத்ததே.

பாரிசின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் ஆகிய மருத்துவர்கள் இவ்வகை மருந்துகளில் முதலாவதான குளோர்ப்ரோமசினை உளநோயாளிகளுக்குத் தந்து அதன் பயனை உலகறியச் செய்த ஆண்டு 1952. வாய்ப்பகுதியில் நீடித்து நிற்கும் அசைவுகளை ஜெர்மானிய மருத்துவர் ஷோனெக்கர் 1957இல் பதிவு செய்தார். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபௌர்பியேவும் அவருடைய குழுவினரும் 1964இல்தான் இன்றுள்ள பெயரைச் சூட்டினர். சில வாரங்களில் முடிந்துவிடும் மருந்துச் சோதனைகளில் இத்தகைய விளைவு அகப்படாது என்பதை இந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியே காட்டுகிறது. அதே வேளையில், இம்மருந்துகள் தோன்றுவதற்கு முன்பே மனச்சிதைவு நோயாளிகள் சிலரிடம் இயல்புக்கு மாறான அசைவுகளை ஜெர்மானிய உளநோய் மருத்துவர் எமில் கிரெப்பெலின் போன்றோர் குறித்திருக்கிறார்கள் என்பதால், ஒவ்வோர் அசைவுக்கும் மருந்தையே காரணமாக்குவதும் சரியன்று.

பிந்தித் தோன்றுவதற்குத் தரப்படும் பழைய விளக்கம் இது: மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளை ஏற்கும் ஏற்பிகளை இம்மருந்துகள் அடைத்துவைக்கின்றன, நெடுங்காலம் அடைபட்ட ஏற்பிகள் எண்ணிக்கையிலும் உணர்திறனிலும் மிகுந்துவிட, சிறிதளவு டோபமினுக்கும் மிகையாகத் துலங்குகின்றன. முழு விளக்கம் இதுவாகாது என்றாலும், குடும்பத்தார் கட்டாயம் அறியவேண்டிய ஒன்று இதனால் புரிகிறது. மருந்தைக் குறைத்தால் அசைவு மிகலாம், முன்பு இல்லாதிருந்தால் அப்போது வெளிப்படலாம். கூட்டினால் சில காலம் மறையலாம். ஆகவே, கூட்டியவுடன் அசைவு அடங்கியது என்பதைக் கொண்டு கோளாறு தீர்ந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது.

இனித் தமிழ்ப்பெயர். ‘தாமத இயக்கம்’ என்று பெயர்த்தால், இயக்கமே மந்தமாவதாகப் படிப்பவர் கொள்வார். மந்த இயக்கம் இதே மருந்துகளால் உண்டாகக்கூடிய பார்க்கின்சன் போன்ற வேறொரு நிலையின் அடையாளம். அங்கே அசைவு குறைகிறது, இங்கே மிகுகிறது. ‘நடுக்கம்’ என்ற சொல்லும் அந்த வேறு நிலைக்கே உரியது. இந்தக் குழப்பம் வெறும் சொற்குழப்பமாக நிற்பதில்லை: நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை இந்த அசைவுகளைத் தணிப்பதில்லை, மிகுவிக்கவும் கூடும். ‘அனிச்சை’ என்ற அடைமொழியும் பொருந்தாது. சூடுபட்ட கை சட்டென விலகுவதைப் பள்ளிப்பாடம் அனிச்சைச் செயல் என்றே கற்பிக்கிறது. ‘நாட்பட்ட’ என்றால் நெடுநாள் நீடித்த என்று பொருளாகுமேயன்றி, நெடுநாள் கழித்துத் தோன்றிய என்று ஆகாது.

‘பின்தோன்று பிறழசைவு’ என்பதையே நான் முன்வைக்கிறேன். இரு சொற்களிலும் வினைத்தொகை அமைந்திருப்பதால் முக்காலமும் அடங்குகிறது. பிந்துவது தோற்றம், பிறழ்வது அசைவு என்று எது எதைத் தழுவுகிறது என்பதும் ஐயமின்றி விளங்குகிறது. பொதுமக்களிடம் பேசும்போது ‘பிந்தித் தோன்றும் அசைவுக் கோளாறு’ என விரித்துச் சொல்லலாம்.

இந்தப் ‘பின்’ என்ற முன்னடைதான் மருந்தின் நன்மை தீமைகளைச் சீர்தூக்குவதைக் கடினமாக்குகிறது. நன்மை முன்னதாகவே தெரிகிறது: 2012இல் வெளியான, 65 சோதனைகளைத் தொகுத்த ஆய்வொன்றில், ஏறத்தாழ ஓராண்டுக்குள் நோய் மீண்டவர்கள் மருந்தைத் தொடர்ந்தோரில் 27 விழுக்காடு, ஒப்பீட்டுக்காக மருந்துச்சத்து இல்லாத போலி மருந்துக்கு மாற்றப்பட்டோரில் 64 விழுக்காடு. தீமை பின்னால் வருகிறது: 2017இல் வெளியான தொகுப்பாய்வின்படி, பழைய, முதல் தலைமுறை மருந்து உட்கொள்வோரில் சுமார் 30 விழுக்காட்டினரிடமும் பின்வந்த இரண்டாம் தலைமுறை மருந்து உட்கொள்வோரில் சுமார் 21 விழுக்காட்டினரிடமும் இவ்வசைவுகள் காணப்பட்டன. இரண்டாம் தலைமுறை மருந்து உட்கொள்வோரிலும், முதல் தலைமுறை மருந்தை ஒருபோதும் உட்கொள்ளாதோரிடம் அது 7 விழுக்காடு அளவுக்கே இருந்தது. முதியோருக்கு ஆபத்து மிகுதி. இவ்விரு பக்கத்தையும் மருந்து தொடங்கும்போதே நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை என்றே நான் கருதுகிறேன். அசைவு கண்ட பிறகு அறிய நேர்பவர்கள் அஞ்சி மருந்தைத் திடீரென நிறுத்திவிட, நோயும் மீள்கிறது, அசைவும் மிகுகிறது. வாய், நாக்கு, கைகால் அசைவுகளை மதிப்பெண்ணிட்டுக் குறிக்கும் எய்ம்ஸ் (AIMS, அதே ஒலியுள்ள மருத்துவமனை அன்று) என்ற அளவுகோல் 1970களிலிருந்தே இருக்கிறது. சில நிமிடங்களே பிடிக்கும் அந்தச் சோதனையைக் குறித்த இடைவெளிகளில் செய்துவந்தால் தொடக்கத்திலேயே கண்டு, மருத்துவர் மேற்பார்வையில் அளவையோ மருந்தையோ மாற்ற இயலும். இக்கோளாற்றுக்கென்றே வால்பெனசின், டியூடெட்ராபெனசின் ஆகிய மருந்துகளுக்கு அமெரிக்கா 2017இல் ஒப்புதல் அளித்தது.

‘பின்தோன்று’ என்ற முன்னடை இதன் உடன்பிறப்புகளுக்கும் உதவும். தசை முறுக்கிக்கொள்ளும் டார்டிவ் டிஸ்டோனியாவைப் பின்தோன்று தசைமுறுக்கம் எனலாம். ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கும் அகதீசியாவுக்கு, உட்கார இயலாமை என்ற கிரேக்கப் பொருளில் 1901இல் செக் மருத்துவர் ஹாஷ்கோவெச் பெயரிட்டார். அதற்கு நாம் புதிதாக எதையும் ஆக்கவேண்டியதில்லை, ‘இருப்புக்கொள்ளாமை’ என்று தமிழில் ஏற்கெனவே இருக்கிறது.