கேற்வே: நுழைவாயில் அல்ல, கடவை

இணையத்தளம் ஒன்று திறக்க மறுத்து 502 என்ற இலக்கத்தோடு ஒரு பிழைச்செய்தி காட்டுமல்லவா, ஆங்கிலத்தில் ‘பாட் கேற்வே’ என்கிற அதைத் தமிழில் ‘மோசமான நுழைவாயில்’ என்று எழுதுகிறார்கள். முதலில் ஏதோ ஓரிடத்தில் நேர்ந்த பிழை என்று விட்டுவிடலாம் என்றிருந்தது. இப்போது யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளின் வாயிலும் அதே சொல். கேற்வே வருகிற இடமெல்லாம் நுழைவாயில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் வலைச் சேவையகமும், அதன் பின்னால் நிரலை ஓட்டும் பிரயோகச் சேவையகமும் பேசிக்கொள்ளும் முறைகளின் பெயர்களில் அது செய்கிற குழப்பம் கொஞ்சமில்லை.

சொல்லின் பிறப்பு நீளமானதல்ல. படலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பாதையைக் குறிக்கும் சொல்லும் ஒட்டிப் பிறந்தது. கணினித் துறைக்கு அது வந்தபோது என்ன பொருளில் வந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. 1970களிலும் 80களிலும் இரண்டு வலையமைப்புகளுக்கு நடுவில் நின்று ஒன்றிலிருந்து மற்றதற்குத் தரவைக் கடத்திய கருவியை, இன்று ரவுற்றர் என்று சொல்கிறோமே, அதைத்தான் கேற்வே என்றார்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்துவதுதான் அதன் வேலை.

வலையிலும் அதே பொருள்தான். 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்சிஎஸ்ஏ என்ற மீக்கணினி நிலையத்தின் சேவையக மென்பொருளோடு வந்தது சிஜிஐ, அதாவது ‘கொமன் கேற்வே இன்ரபேஸ்’. வெறும் கோப்புகளை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த சேவையகத்தை, வெளியே இருக்கிற தரவுத்தளத்தோடும் வெயிஸ் போன்ற பழைய தேடல் முறைகளோடும் தொடுப்பதற்குச் சின்னச் சின்ன நிரல்கள் எழுதினார்கள். அந்த நிரல்களுக்குத்தான் கேற்வே என்று பெயர். சேவையகம் வேண்டுகையின் விபரங்களைச் சூழல் மாறிகளில், அதாவது நிரல் பெயர் சொல்லி எடுக்கக்கூடிய மதிப்புகளில், வைக்கும். படிவத்தில் நிரப்பிய தரவை நியம உள்ளீட்டின் வழியே கொடுக்கும். நிரல் தன் விடையை நியம வெளியீட்டில் எழுதும். சேவையகம் அதை உலாவிக்கு அனுப்பும். இந்த ஏற்பாடு பின்னர் 2004இல் ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 3875 என்ற ஆவணமாக எழுதப்பட்டது.

இதில் நுழைதல் எங்கே நடக்கிறது? உலாவியின் வேண்டுகை ஏற்கனவே வலைச் சேவையகத்துக்குள் வந்துவிட்டது. வந்ததை இன்னொரு நிரலிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அது தருவதைத் திருப்பி வாங்கி வருவதுதான் மிச்ச வேலை. நுழைந்து முடிந்த பிறகு நுழைவாயில் எதற்கு?

எங்கள் ஊர் வளவுகளை நினைத்துப் பாருங்கள். ஒழுங்கையிலிருந்து வீட்டுக்குள் வருவதற்குப் படலை. பக்கத்து வளவுக்குப் போவதற்கு வேலியில் விட்ட இடைவெளி கடப்பு அல்லது கடவை. முன்படலையால் வந்தவர் கடவையால் பக்கத்து வீட்டுக்குப் போவார், அதாலேயே திரும்பியும் வருவார். படலையும் கடவையும் ஒன்றென்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். நுழைவாயில் படலைக்குரிய சொல். கேற்வே செய்கிற வேலையோ கடவையின் வேலை.

கடவை என்றால் வீதியில் வெள்ளைக் கோடு போட்ட இடமல்லவா என்று கேட்பார்கள். ஆம், பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை எல்லாம் இந்தச் சொல்தான். கட என்ற வினையிலிருந்து வந்து, ஒன்றைத் தாண்டி மறுபுறம் போகும் இடத்தைக் குறிக்கிறது. அது இடையூறு அல்ல, எனக்குச் சாதகமான சான்று. தமிழகத்து வாசகருக்குச் சொல் புதிதாக இருக்குமே என்றும் சொல்வார்கள். கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் அவர்கள் கையிலும் இருக்கின்றன. அவற்றை விளங்கிக்கொண்டவருக்குக் கடவையை விளங்கிக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

வெறும் ‘வாயில்’ போதும் என்று ஒரு தரப்பு இருக்கிறது. அது நுழைவாயிலைவிடப் பரவாயில்லை, ஆனாலும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடம் என்ற பொருள் அதில் ஏறவில்லை. ‘இடைவாயில்’ என்றும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பொருள் கிட்டத்தட்டச் சரி. ஆனால் பேச்சில் ஒருவரும் சொல்லாத சொல்லை எதற்காகக் கட்டவேண்டும், இருக்கிற சொல் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது?

நுழைவாயிலின் கேடு முழுவதும் தெரிவது சிஜிஐயின் விரிவில். ‘பொது நுழைவாயில் இடைமுகம்’ என்று எழுதுகிறார்கள். கந்தோரில் பொதுமக்களுக்கென்று விட்ட வாசலைத்தான் இதை வாசிக்கிற பிள்ளை நினைக்கும். நுழைவாயில் பொதுவானது என்று ஆகிவிடுகிறது. உண்மையில் பொதுவானது இடைமுகம். சிஜிஐக்கு முன் ஒவ்வொரு சேவையகமும் வெளிநிரலை ஓட்டுவதற்குத் தன் சொந்த வழியை வைத்திருந்தது. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் ஓடாது. எல்லாச் சேவையகங்களுக்கும் ஒரே முறை இருக்கட்டும் என்று இணங்கியதால்தான் ‘பொது’ என்ற அடைமொழி வந்தது. ஆகவே ‘கடவைப் பொது இடைமுகம்’ என்பதே சரி. ஆங்கிலத்தில் சொற்கள் நின்ற வரிசையிலேயே தமிழ்ச் சொற்களை அடுக்கினால் அடைமொழி தவறான தலையில் போய் ஏறும். அடுக்கியவர் அந்த வரலாற்றை ஒருமுறை வாசித்திருந்தால் இந்தப் பிழை வந்திராது.

இன்னொரு மயக்கம்: இந்தக் குடும்பத்தில் உள்ள எல்லாவற்றையும் நெறிமுறை என்றே எழுதுவது. நெறிமுறை என்பது இரண்டு நிரல்களுக்கு நடுவில் தரவு எந்த வடிவில் போகவேண்டும் என்ற விதி. ஒவ்வொரு வேண்டுகைக்கும் ஒரு புதுச் செயல்முறையை, அதாவது நிரலின் ஓட்டம் ஒன்றை, தொடக்கிய சிஜிஐ, கூட்டம் கூடியபோது மூச்சுத் திணறியது. 1996இல் ஓப்பன் மார்க்கெற் நிறுவனம் வெளியிட்ட பாஸ்ட்சிஜிஐயில் செயல்முறை சாகாமல் நின்று அடுத்தடுத்த வேண்டுகைகளை வாங்கும். தரவு இரண்டு நிரல்களை இணைக்கும் சொக்கெற் வழியாக, எட்டு பைற் தலைப்போடு கூடிய பதிவுகளாகப் போகும். அது நெறிமுறை. அதைவிட எளிமையான எஸ்சிஜிஐயும் நெறிமுறை. ரொம்கற் என்ற ஜாவாப் பிரயோகச் சேவையகத்தோடு அப்பாச்சி என்ற வலைச் சேவையகம் பேசும் ஏஜேபியும், வழமையாக 8009ஆம் துறையில் நடக்கும் நெறிமுறைதான். ஆனால் 2003இல் பைதன் நிரல்மொழிக்கு வந்த டபிள்யூஎஸ்ஜிஐ, அதாவது ‘வெப் சேர்வர் கேற்வே இன்ரபேஸ்’, அப்படியல்ல. கம்பியில் என்ன போகவேண்டும் என்று அது ஒன்றும் சொல்லவில்லை. சேவையகம் பிரயோகத்தின் எந்தச் செயற்கூறை, எந்தத் தரவோடு அழைக்கவேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அது இடைமுகம், பெயரிலேயே இடைமுகம் என்றுதான் இருக்கிறது. அதையும் நெறிமுறை என்று எழுதுபவர், மாணவரை இல்லாத பொதிகளைத் தேட வைக்கிறார்.

பைதன் பிரயோகங்களை ஓட்டப் பயன்படும் யுவிஸ்கியின் விடயத்தில் தமிழெழுத்தின் தன்மையையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆங்கிலத்தில் பேரெழுத்துச் சிற்றெழுத்து வேறுபாட்டால் சேவையக மென்பொருளையும் அது பேசும் நெறிமுறையையும் பிரிக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. யுவிஸ்கிச் சேவையகம், யுவிஸ்கி நெறிமுறை என்று ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதினால்தான் வாசிப்பவருக்கு விளங்கும். அப்படி எழுதச் சோம்பல்படக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் கலைச்சொல் ஆக்குவது புதிதல்ல. 1847இல் இங்கே வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர், மானிப்பாயில் தமிழிலேயே மேற்கத்திய மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கற்பித்தவரே சொல்லையும் தேடினார். தன் மாணவர் நாளை நோயாளியின் உடம்பில் கைவைக்கப்போகிறார் என்று தெரிந்து தேடினார். இன்று சேவையகம் ஒன்றையும் நிறுவிப் பாராதவர், அகராதியின் முதல் பொருளை எடுத்து மென்பொருள் முழுவதும் ஒட்டிவிட்டுப் போகிறார். ஆங்கிலத்தில் புறொக்சி எனப்படும், இன்னொருவருக்காக நடுவில் நின்று வேண்டுகையை வாங்கிக் கடத்தும் பதிலாளின் கதியும் அதுதான். பயனரின் பக்கம் நிற்காமல் சேவையகத்தின் பக்கம் நிற்கும் பதிலாளைத் ‘தலைகீழ்ப் பதிலாள்’ என்கிறார்கள். அங்கே எதுவும் தலைகீழாக இல்லை. சேவையகப் பக்கப் பதிலாள் என்றால் எல்லோருக்கும் விளங்கும். 2022இல் வந்த ஆர்எஃப்சி 9110 கேற்வே என்பதையும் இந்தப் பதிலாளையும் ஒன்றாகவே வரையறுக்கிறது. வேண்டுகையை வாங்கி உள்ளே இருக்கும் இன்னொரு சேவையகத்துக்குக் கடத்துவது என்று.

அந்த வரையறையோடு 502ஐப் பாருங்கள். முன்னே எண்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையகம் நிற்கிறது, பின்னே பிஎச்பி மொழியில் எழுதிய நிரலை ஓட்டும் செயல்முறை நின்றுபோய்விட்டது என்று வையுங்கள். வாசலில் நின்றதற்கு ஒரு குறையும் இல்லை. மறுபக்கத்திலிருந்து ஒழுங்கான விடை வரவில்லை, அவ்வளவுதான். ‘மோசமான நுழைவாயில்’ என்று வாசிப்பவரோ முகவரியைப் பிழையாக அடித்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடிப்பார். ‘கடவைக்கு அப்பாலிருந்து சரியான விடை இல்லை’ என்று எழுதலாம். 504க்குக் ‘கடவைக்கு அப்பாலிருந்து உரிய நேரத்தில் விடை இல்லை’. சற்று நீளம்தான், ஆனால் எங்கே பார்க்கவேண்டும் என்று சொல்கிறது.

வீட்டு வலையமைப்பு அமைப்புகளில் வரும் ‘இயல்புநிலை நுழைவாயில்’ எல்லாவற்றையும்விட மோசம். நம் கணினியிலிருந்து தரவு வெளியே போகும் வழி அது. வெளியே போகிற வழிக்கு நுழைவாயில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இயல்புக் கடவை என்று மாற்றுங்கள். இணையக் கடைகளில் அட்டையால் பணம் கட்டும்போது வங்கிக்குக் கடத்துவதையும் கொடுப்பனவுக் கடவை என்று எழுதுங்கள். பாஸ்ட்சிஜிஐ, ரொம்கற் போன்றவை பெயர்கள். அவற்றை மொழிபெயர்க்காமல் ஒலித்தபடியே விடலாம். நுழைவாயில் என்ற சொல்லை, ஒரு நிறுவனத்தின் எல்லாச் சேவைகளுக்கும் முதலில் போய் இறங்கும் தளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே உண்மையிலேயே நுழைகிறோம்.