இரண்டாயிரம் எந்தக் கணக்குக்குப் போனது?

தவணை விழுகிற வாரம் எங்கள் கிளையில் பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்துக்கு ஓய்வே இருக்காது. விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் உதவித்தொகை வருடத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000. பணம் ஏறியவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். ஏறாதவர்கள் என் மேசைக்கு வருவார்கள். "எல்லாருக்கும் வந்துருச்சு சார், எனக்கு மட்டும் நிறுத்திட்டாங்க."

பல நேரம் யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். பணம் வேறு வங்கிக்குப் போயிருக்கும்.

அப்படித்தான் ஓர் அம்மா வந்தார். ஒன்றே கால் ஏக்கரில் கடலை போடுகிறவர். மூன்று தவணையாகப் பணம் இல்லை. வேளாண்மை அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் நடையாய் நடந்திருக்கிறார். எங்கள் கிளையிலேயே "ஆதார் இணைச்சாச்சும்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். அது பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல்.

ஆதார் தளத்தில் பார்க்க ஓடிபி வேண்டும். அது வருகிற போன் எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம். அவருக்கு ஷிப்ட் முடியும்வரை காத்திருந்து பார்த்தால், திரையில் வேறொரு வங்கியின் பெயர். "அந்த பேங்க்ல எனக்குக் கணக்கே இல்லையே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குழு லோனுக்குன்னு ஒருநாள் ரேகை வெச்சேன்..." 6,000 ரூபாயும் அங்கேதான் இருந்தது.

ஆதார் இணைப்பு என்று நாம் பேசுவது இரண்டு வேறு காரியங்கள். ஒன்று, கணக்கில் அடையாளத்துக்காக ஆதார் எண்ணைப் பதிவது. இன்னொன்று, இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பதிவேட்டில் அந்த எண்ணை ஒரு வங்கியோடு சேர்ப்பது. அரசு பணம் அனுப்புவது இந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாகச் சேர்த்தது எதுவோ அது. கேஸ் மானியமும் இதே வழியில்தான் வருகிறது. புதுக் கணக்குத் திறக்கும்போது "மானியத்தை இக்கணக்கில் பெறச் சம்மதம்" என்ற கட்டத்தில் டிக் போட்டால் எல்லாமே இடம் மாறிவிடும். அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள், பட்டால் படட்டும்.

ஆதார் சரியாக இருந்தும் வரவில்லையா? இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக அடையாளத்தை உறுதிசெய்வது, முடிந்ததா என்று பாருங்கள். களை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாவிட்டால், பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். பட்டா இன்னும் தாத்தா பெயரில் என்றால் வங்கியில் ஒன்றும் நடக்காது, தாலுகா அலுவலகம்தான். 1.2.2019-க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. வாரிசாக வந்தது என்றால் உண்டு. வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் கிடையாது.

"நிலமே வேண்டாம், நான் வாங்கித் தர்றேன்" என்று வருகிற தரகரைக் கிட்டே சேர்க்காதீர்கள். 2020-ல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் ஏராளம். அப்புறம் அவர்கள் கணக்கிலிருந்தே பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். தரகருக்குக் கொடுத்த கமிஷன் தனி நஷ்டம்.

இப்போது வாட்ஸ்அப்பில் 'பிஎம் கிசான்' என்ற பெயரில் ஏபிகே கோப்பு (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) ஒன்று சுற்றுகிறது. தொடவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் 155261-க்கு அழையுங்கள்.

அந்த அம்மா எங்கள் கிளைக்கே மாற்றச் சொல்லிப் படிவத்தில் கைநாட்டு வைத்தார். பழைய 6,000 ரூபாயை மட்டும் அந்த வங்கிக்கே போய்த்தான் எடுக்க வேண்டும் என்றேன். "அந்த ஊருக்கு மதியம் பஸ் இருக்கா சார்?" என்று கேட்டார். வாட்ச்மேனுக்குத்தான் தெரிந்திருந்தது.