தேதி தெரியாத காத்திருப்பு மனத்தை என்ன செய்கிறது

கேரளத்தின் புனலூரை அடுத்த குளத்தூப்புழா ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டுபவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து ஜன்னலை அந்த வெளிச்சம் கடக்கும்போது, எனக்குத் தெரிந்த ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து, கட்டிலின் பக்கத்தில் கைகளைத் தொங்கவிட்டபடி நேராக நின்றுவிடுகிறார். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வளிக்க ஏற்பட்ட தோட்டம் இது. அவருடைய தாத்தாவும் அப்படி வந்தவர்தான். பேரன் வளைகுடா நாடு ஒன்றில் விசாக் காலம் முடிந்து பிடிபட்டு, நாடு கடத்தப்பட வேண்டியவர்களை அடைத்துவைக்கும் இடத்தில் ஏறத்தாழ நான்கு மாதம் இருந்தார். எந்த நீதிமன்றமும் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. பாஸ்போர்ட் கஃபீலிடம், அதாவது வேலைக்கு அழைத்த முதலாளியிடம், இருந்தது; ஊர் திரும்புவதற்கான தற்காலிகப் பயணச் சீட்டான அவுட்பாஸ் வரவேண்டியிருந்தது. இரவில் டார்ச் அடித்துத் தலைகளை எண்ணுவார்கள், அப்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ஊர் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் அவருடைய உடல் அந்த எண்ணிக்கைக்கு எழுந்து நிற்கிறது.

இதை மனத்துணிவின் குறையாகப் பார்ப்பது தவறு. ஆபத்தை உணர்ந்தவுடன் மூளையின் அமிக்டலா எச்சரிக்கை விடுக்க, ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் அட்ரினல் சுரப்பியும் ஒன்றையொன்று தூண்டி, கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. அதன் அளவு உயர்ந்ததும், அந்த ஹார்மோனே மூளைக்குச் சென்று மேற்கொண்டு சுரப்பதை அடக்குகிறது. வரப்பில் பாம்பைக் கண்டு விலகியவருக்குச் சற்று நேரத்தில் படபடப்பு அடங்குவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். ஆபத்து என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு என்பதை நம்பி அமைந்த ஏற்பாடு இது. இன்று பெயர் கூப்பிடுவார்களா, நாளை விமானம் ஏற்றுவார்களா, இன்னும் ஓராண்டு ஆகுமா என்று எதுவுமே தெரியாத இடத்தில் அந்த முடிவு வருவதில்லை. நீடித்த அழுத்தம் தூக்கத்தைக் குலைப்பதுடன், ஒரு நினைவை அதற்குரிய இடத்தோடும் காலத்தோடும் சேர்த்து வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் வேலையையும் பாதிக்கிறது. அந்தப் பிணைப்பு தளர்ந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் தலைவிளக்கும் காவலரின் டார்ச்சும் உடலுக்கு ஒன்றாகிவிடும்.

எப்போது விடுவார்கள் என்று கேட்டதைப் பற்றி அவர் சொன்ன ஒரு வாக்கியம் இதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன்: “முதல் மாசம் தினமும் கேட்டேன், அப்புறம் கேக்கிறதையே விட்டுட்டேன்.” 1967இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு குழு நாய்களுக்கும் ஒரே அளவு மின்னதிர்ச்சி. முதல் குழுவால் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதை நிறுத்த முடிந்தது, இரண்டாம் குழு என்ன செய்தாலும் நிற்கவில்லை. பிறகு, தாழ்ந்த தடுப்பு ஒன்றைத் தாண்டினாலே தப்பிவிடக்கூடிய கூண்டில் விட்டபோது, இரண்டாம் குழுவில் பல நாய்கள் தாண்ட முயலாமல் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டே கிடந்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, எலிகளின் மூளையை ஆராய்ந்த சான்றுகளைக் கொண்டு, அவர்களே தங்கள் விளக்கத்தைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவதுதான் மூளையின் இயல்பான போக்கு. ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதை மூளையின் முன்பகுதி கண்டுகொள்ளும்போதுதான் அந்தப் போக்கு தடைபடுகிறது. தடுப்பு மையத்தில் சாப்பாடு, விளக்கு, தொலைபேசி, விடுதலை எதுவுமே தன் கையில் இல்லாதவருக்கு அப்படிக் கண்டுகொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. தண்டனை பெற்ற சிறைக்கைதிக்காவது வெளியேறும் தேதி தெரியும்.

தடுப்பு மையங்களில் அடைக்கப்படும் புகலிடக் கோரிக்கையாளர்களில் பலர் போரையும் சித்திரவதையையும் கடந்து வந்தவர்கள் ஆயிற்றே, பாதிப்பு அதனால் வந்ததாக இருக்கக்கூடாதா என்று கேட்பது நியாயமே. அமெரிக்காவில் அடைக்கப்பட்டிருந்த 70 புகலிடக் கோரிக்கையாளர்களைப் பற்றி 2003இல் வெளிவந்த ஆய்வில், 86 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. சில மாதங்களுக்குப் பிறகு அவர்களை மீண்டும் சந்தித்தபோது, விடுவிக்கப்பட்டவர்களின் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன, உள்ளேயே இருந்தவர்களுக்கு மோசமாகியிருந்தன. கடந்த காலத் துயரம் இரு சாராருக்கும் உண்டு. பிரித்துக் காட்டியது கதவுதான். கனடாவில் சில வாரங்கள் மட்டுமே அடைக்கப்பட்டிருந்தவர்களை, அடைக்கப்படாத புகலிடக் கோரிக்கையாளர்களோடு ஒப்பிட்டபோதும் மனச்சோர்வு 78 விழுக்காடு, 52 விழுக்காடு என்றே வேறுபட்டது. ஆறு மாதத்துக்கு மேல் தடுப்பில் இருந்தவர்களிடம், விடுதலையாகிச் சராசரியாக மூன்று ஆண்டுகள் கடந்த பின்னும் பாதிப்பு தங்கியிருந்ததை ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

ஆஸ்திரேலியா, விசா இல்லாமல் வருபவர்களைக் கட்டாயமாக அடைத்துவைப்பதை 1992இல் சட்டமாக்கிய நாடு. அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தின் 2014ஆம் ஆண்டு விசாரணையில், தடுப்பிலிருந்த குழந்தைகளில் 34 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவில் மனநலக் கோளாறு இருந்தது. வெளியே வாழும் குழந்தைகளிடம் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. புகலிடம் கோரியவர்களை ஆஸ்திரேலியா அனுப்பிவைத்த நவுரு தீவில் சில குழந்தைகள் பேசுவதையும் உண்பதையும் விட்டு, கண்ணைக்கூடத் திறக்காமல் படுத்துவிட்டார்கள். செயலற்றுப்போதலின் கடைசி எல்லை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர் இல்லாத தெரு குறைவு. ஆனால் தூக்கமில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், குடிப்பீர்களா, கடன் உண்டா என்றுதான் கேட்கிறார்கள், அதுவும் மலையாளத்தில். இவருக்கும் தூக்க மாத்திரை மட்டும் கிடைத்தது. அடைத்துவைக்கப்பட்டிருந்தீர்களா, எத்தனை நாள், எப்போது விடுவார்கள் என்று தெரிந்திருந்ததா என்ற மூன்று கேள்விகளை மருத்துவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி, இருக்கிறது.

அவருடைய அண்ணனுக்கு ஒரு மனநல செவிலியர் எளிய யோசனை ஒன்று சொன்னார். இப்போது பால் வெட்டப் போகிறவர்கள் லயத்துக்கு வரும் முன்பே அவர் பெயரைச் சொல்லி, “நாங்கதான், வெட்டுக்குப் போறோம்” என்று குரல் கொடுக்கிறார்கள். அவர் இன்னமும் எழுந்துவிடுகிறார். ஆனால் சில நாள்களில் கட்டிலருகே நிற்பதில்லை. தாழ்ப்பாளைத் தானே திறந்து, வாசலில் போய் நிற்கிறார்.