"டி டிரைவில இருக்குது" எண்டு இனி ஒருதரும் சொல்லாதீங்கோ

போன கிழமை கொட்டுற மழைக்குள்ளால் ஒரு வாகனப் பாட்ஸ் கடை முதலாளி என்னிடம் கணினி திருத்த வந்தார். மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் உரப்பையால் சுற்றிய சிபியு. ரியூப் வெட்டின ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தது. அவிழ்க்கும்போதே சொன்னார்: "தம்பி, ஒரு பைலும் திறக்குதில்லை. ஆனா பயமில்லை, டி டிரைவில பக்கப் கிடக்குது." பைல்களின் மற்றக் கொப்பியைத்தான் சொல்கிறார்.

இந்த வருடத்தில் இதே வசனத்தை நான் கேட்டது நான்காவது தடவை. மாங்குளத்தில் ஒருக்கா, கிளிநொச்சியில் இரண்டு தரம், இப்போது இவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாட்ஸ் கடையைச் சின்னக் கடை என்று நினைப்பவர்கள் அதன் கணினியைத் திறந்து பார்த்ததில்லை. இவருடைய கடையில் நாலாயிரத்துச் சொச்சம் சாமான். பெயறிங் என்றால் 6203 என்ற அளவு ஒன்றே மூன்று பெயரில் பதிந்திருக்கும்: வெறும் 6203, ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ், தகர மூடியுள்ள இஸட்இஸட். மூன்றுக்கும் துளை 17 மில்லிமீற்றர்தான், ஆனால் சேற்றுக்குள் ஓடுகிற வண்டிக்குத் தகர மூடியைக் கொடுத்தால் ஆள் மறுபடி கடைவாசலில் நிற்பார். எது எந்தத் தட்டில், எத்தனை மிச்சம், கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாட்ஸ் கடைகளில் கடைசியாக என்ன விலைக்கு எடுத்தது, எல்லாம் கணினிக்குத்தான் தெரியும். வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் இரவு பஸ்ஸில் பார்சல் வந்துவிடும். முந்தி அதற்கு ஆள் கொழும்புக்குப் போகவேண்டும்.

அதைவிடப் பெரியது கடன் கணக்கு. உழவு மெசினுக்கு கிளட்ச் பிளேட் எடுக்கிறவர் காசோடு வருவதில்லை. "அறுப்பு முடியத் தாறன்" என்பார், தருவார். காலபோகக் கடன் முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான். பழைய கடன் கொப்பியை இவர் இரண்டு வருடத்துக்கு முன்பே கைவிட்டுவிட்டார்.

பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு பைலின் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்து வால் முளைத்திருந்தது. ஒவ்வொரு போல்டருக்குள்ளும் 'ரீட்மீ' என்று ஒரு மிரட்டல் கடிதம். 980 டொலர் கட்டு, 72 மணித்தியாலத்துக்குள் என்றால் 490. ஸ்டொப் டிஜேவியு என்ற குடும்பத்து ரான்சம்வெயார், அதாவது பைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கிற வைரஸ். டி டிரைவிலும் அதே வால். பின்பக்கம் மாதக்கணக்காகக் குத்தியபடி கிடந்த பென் டிரைவிலும் அதே வால்.

அது பைலை எப்படிப் பூட்டுகிறது என்று நான் விளங்கப்படுத்தப் போவதில்லை. பூட்டும், அவ்வளவுதான். நான் விளங்கப்படுத்த வேண்டியது டி டிரைவை.

அண்ணைமாரே, சி டிரைவும் டி டிரைவும் இரண்டு பெட்டியல்ல. அனேகமான கடைக் கணினிகளில் உள்ளே ஒரே ஒரு டிஸ்க்தான். ஒரு நெல்மூட்டையை நடுவில் கயிறு போட்டு இறுக்கிவிட்டு "என்னட்ட இரண்டு மூட்டை இருக்குது" என்று சொல்லுவீங்களோ? மூட்டை நனைந்தால் இரண்டு பக்கமும் நனையும். இடி விழுந்து டிஸ்க் செத்தால் இரண்டும் சாகும். கள்ளன் தூக்கினால் இரண்டையும்தான் தூக்குவான். உள்ளுக்கு இரண்டு டிஸ்க் இருந்தாலும் வைரசுக்கு வித்தியாசம் இல்லை. கணினியின் கைக்கு எட்டுகிற எல்லாம் அதன் கைக்கும் எட்டும். எந்நேரமும் குத்தியிருக்கிற பென் டிரைவும் அப்படித்தான். ஸ்பெயார் சில்லையும் அச்சில் பூட்டி ஓட்டுகிற ஆளை நீங்கள் என்ன சொல்லுவீங்கள்? அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எப்படி வந்தது என்று கேட்டேன். கடையில் நிற்கிற பெடியன் ஏதோ டிசைன் சொப்ட்வெயாரைக் காசு கட்டாமல் ஓட்ட 'கிராக்' இறக்கியிருக்கிறான். அன்ரிவைரஸ் கத்தியதாம், அதை நிற்பாட்டிவிட்டுப் போட்டானாம். இந்த வைரஸ் பெரும்பாலும் வருகிற பாதையே அதுதான். பெடியனைப் பேச எனக்கு மனம் வரவில்லை. பில் போடுகிற சொப்ட்வெயாரே கிராக்தான், அதை வாங்கிப் போட்டவர் முதலாளி. பிரேக் சூவில் டூப்பிளிக்கேட் எடுத்தவனை வாசலில் வைத்து ஏசுகிற மனிசன் இவர்! கிராக் விழுந்த சிலிண்டர் ஹெட்டைச் சும்மா தந்தாலும் வாங்குவாரோ?

எங்கள் தொழில்காரரையும் ஒரு சொல் சொல்லவேண்டும். பில் சிஸ்டம் போட்டுத் தந்துவிட்டு, பக்கப் எடுக்கும் இடத்தை அதே டிஸ்க்கில் காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டாபேஸ் பைலை இழுத்துக் கொப்பி பண்ணுவது பக்கப் இல்லை. சொப்ட்வெயாருக்குள் இருக்கிற பக்கப் பட்டனை அழுத்தித்தான் எடுக்கவேண்டும். அந்தப் பட்டன் எங்கே என்று வாடிக்கையாளருக்குக் காட்டாமல் காசு வாங்காதீங்கோ.

இனிக் கேளுங்கோ. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கோ. ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றது. கடை பூட்டும்போது குத்தி, பக்கப் எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோங்கோ. கழற்றி! மாதம் ஒருக்கா அந்தக் கொப்பி வேறு கணினியில் திறக்கிறதோ என்று பாருங்கோ. திறக்காத பக்கப்பை இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தவரும் என்னிடம் வந்திருக்கிறார். கடன் பட்டியலைக் கிழமைக்கு ஒருக்கா பேப்பரில் அடித்து லாச்சிக்குள் வையுங்கோ, அதற்கு எந்த வைரசும் வராது. விண்டோஸ் 10-க்கு 2025 ஒக்டோபரோடு மைக்ரோசொப்ட் வழமையான பாதுகாப்பு அப்டேட்டை நிற்பாட்டிவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற்றக்கூடிய பெட்டி என்றால் மாற்றுங்கோ. வட்ஸ்அப்பைத் திறக்க வருகிற ஆறு இலக்க எண்ணைக் கேட்டு யார் எடுத்தாலும், மாமா எடுத்தாலும், சொல்லாதீங்கோ. ஒக்டோபர், நவம்பர் இடிக்கு யுபிஎஸ் மட்டும் காணாது. பிளக்கோடு ரவுட்டர் வயரையும் இழுத்துவிடுங்கோ.

காசு கட்டவேண்டாம் என்று அவருக்குச் சொன்னேன். கட்டினாலும் திறப்பு வரும் என்பதற்கு உறுதி இல்லை. இந்தக் குடும்பத்தின் சில பழைய பூட்டுகளுக்கு இலவசத் திறப்பு இருக்கிறது. இவருடையதற்கு இல்லை.

இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் சொப்பிங் பையில் சுற்றி மடிக்குள் வைத்துக் கொண்டுவந்த மனிசன் அவர். அந்தப் பை இன்னும் வீட்டு அலுமாரியில் இருக்கிறதாம், அவரே சொன்னார். பிறகு என் மேசையிலேயே இருந்து, ஒரு கொப்பியில் நினைவிருக்கிற கடன்காரர் பெயர்களை எழுதத் தொடங்கினார். முப்பத்தொன்றில் பேனை நின்றுவிட்டது. அறுபதுக்குக் குறையாது என்றார்.

புதிதாக விண்டோஸ் போட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிக் கொடுத்து, எப்படி எடுப்பது என்று மூன்று தரம் காட்டி அனுப்பினேன். நேற்று ஸ்பார்க் பிளக் ஒன்று வாங்க அந்தப் பக்கம் போனேன். "எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரித்தான் தம்பி" என்று சந்தோஷமாகக் காட்டினார். சிபியுவின் பின்பக்கம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் குத்தியபடி இருந்தன.