மீனும் கொடியும் இடவலம் மாறினால்

லினோலியம் கட்டையில் செதுக்கி மை பூசித் தாளில் அச்செடுக்கும் லினோகட்டில் ஊர்ப் பெயரைச் செதுக்கும்போது எழுத்தைத் திருப்பிப் போட யாரும் மறப்பதில்லை. மறந்தாலும் முதல் பிரதியே காட்டிக்கொடுத்துவிடும். அதே கட்டையில் இருக்கும் மீனையோ சங்கையோ மட்டும் பார்த்தபடியே செதுக்கிவிடுகிறார்கள். தாளில் அது இடவலம் மாறி விழுந்தது சட்டம் போட்டு மாட்டிய பிறகும் தெரிவதில்லை. டச்சு ஓவியர் ரெம்பிராண்டே இதில் தவறியிருக்கிறார். 1650-இல் அவர் உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்த எட்சிங்கில் கையெழுத்து நேராக இருக்கிறது. கூம்புச் சங்கோ இயற்கைக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது.

கத்தரிக்காயைத் திருப்பினால் ஒன்றும் கெடாது. வஞ்சிரம், சங்கரா போன்ற மீன்களுக்கும் இரு பக்கமும் ஒன்றுதான். சிக்கல் வருவது சில இனங்களில். பெரும்பாலான சங்கினங்களை நுனி மேலிருக்க, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால், வாய் வலப்பக்கம் அமையும். அது இடப்பக்கம் போய்விட்டால் சாதாரணச் சங்கு வலம்புரியாகிவிடும்! தட்டை மீன்களில் நாக்கு மீன் குடும்பத்துக்கு இரு கண்களும் இடப்பக்கம்; சோல் குடும்பத்துக்கு வலப்பக்கம். திருப்பி அச்சிட்டால் குடும்பமே மாறிப்போகும். எருமைநாக்கு என்ற தட்டை மீனில் கண்கள் எந்தப் பக்கமும் இருக்கலாம் என்பதால் அது மட்டும் தப்பிக்கும்.

பயிர்களில் கொடிகளைக் கவனிக்க வேண்டும். பீன்ஸ் கொடி முன்னாலிருந்து பார்த்தால் இடக்கீழிலிருந்து வலமேலாக ஏறும். வள்ளிக்கிழங்குகளில் பெருவள்ளிக் கொடி ஒரு திசையிலும் சிறுவள்ளிக் கொடி அதற்கு எதிர்த்திசையிலும் கொம்பைச் சுற்றும். இவற்றைப் பிரித்தறிய உதவும் குறிகளில் அதுவும் ஒன்று. கிழங்கை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருந்தாலும் கொடி தவறினால் படம் தவறுதான்.

லினோவில் இதைத் தவிர்ப்பது எளிது. டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கம் கட்டையைத் தொடும்படி கவிழ்த்து, பின்புறம் ஸ்பூனால் தேய்க்க வேண்டும். கோடுகள் திரும்பிய நிலையில் கட்டையில் இறங்கும், அச்சில் நேராகிவிடும். படத்தை நிமிர்த்தி வைத்து அடியில் கார்பன் தாள் செருகுவதால்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. உளியை எடுப்பதற்கு முன் கட்டையை ஒரு கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள். தாளில் வரப்போவது அதில் தெரியும். ஏற்கெனவே செதுக்கிவிட்டால், மை காயுமுன் பிரதியின்மேல் இன்னொரு தாளை வைத்து அழுத்தி மறுபிரதி எடுக்கலாம். திசை சரியாகும், மை வெளிறிவிடும். ஸ்க்ரீன் பிரின்டிங்கில் மை வலை வழியே நேரே இறங்குவதால் படத்தைத் திருப்பவே கூடாது. லினோவிலிருந்து இதற்கு வருபவர்கள் பழக்கத்தில் திருப்பிவிடுவார்கள்.

மீன் உடலிலேயே மை பூசித் தாளில் எடுக்கும் ஜப்பானிய கியோட்டாகுவிலும் இதே கணக்குதான். முதலில் உப்பால் மென்மையாகத் தேய்த்து வழுவழுப்பை முழுதும் கழுவ வேண்டும். வழுவழுப்பு மிச்சமிருந்தால் மை திட்டுத்திட்டாக ஒட்டும். செவுளிலும் மலத்துளையிலும் டிஷ்யூ திணிக்காவிட்டால் அழுத்தும்போது நீர் கசிந்து தாள் கறைபடும். துடுப்புகளை விரித்து, அடியில் களிமண் முட்டுக்கொடுத்து, குண்டூசியால் நிறுத்திச் சற்றுக் காயவிடுங்கள்; தாள் வைக்குமுன் ஊசியை எடுத்துவிடலாம். மையை மெல்லியதாகத் தலையிலிருந்து வாலுக்குப் பூசி, கடைசியாக ஒரு முறை வாலிலிருந்து தலைக்கு இழுத்தால் செதில் விளிம்பு துலங்கும். கண்ணில் மை வேண்டாம். அதைப் பிறகு தூரிகையால் தீட்டிக்கொள்ளலாம். தாளை வைத்தபின் நகர்த்தினால் இரட்டை உருவம் விழும். முதல் பிரதியில் மை கனத்துப்போவது வழக்கம், இரண்டாவதும் மூன்றாவதும்தான் தேறும். மீன் நூல்களில் தலை இடப்பக்கம் இருப்பது மரபு. அப்படி வேண்டுமானால் மீனின் வலப்பக்கத்தில் மை பூசுங்கள்.

நாக்கு மீனுக்கு அந்த வழி இல்லை, கண்ணுள்ள பக்கம் ஒன்றுதான். அதற்கு மறைமுக முறையே சரி. ஈரமான மெல்லிய தாளை மீன்மேல் ஒட்டி, தாள் பாதி காய்ந்ததும், பட்டுத்துணியில் பஞ்சு பொதிந்த ஒற்றுக்கட்டியால் தாளின் மேற்பக்கத்தில் மை ஒற்றுவார்கள். மை மீனைத் தொடாது, படமும் திரும்பாது. ஈரம் கூடினால் மை பரவும். முழுதும் காய்ந்தால் தாள் மேடுபள்ளங்களிலிருந்து கிளம்பிவிடும். மல்பெரிப் பட்டையில் செய்த நீள்நார்த் தாள்தான் இதைத் தாங்கும், சாதாரண வரைதாள் கிழிந்துவிடும்.

பிரதியின் பின்புறம் இனப்பெயர், மை பூசிய பக்கம், எடுத்த முறை மூன்றையும் பென்சிலால் குறித்துவையுங்கள். பேனா மை மெல்லிய தாளில் முன்பக்கம் ஊறிவிடும்.