குப்பைக் கிடங்கில் வேலை செய்பவர்களுக்கு 'நமஸ்தே' திட்டம்: நெஞ்சுக்கோளாறுக்கு என்ன உதவி?

சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர், கோவையின் வெள்ளலூர் போன்ற குப்பைக் கிடங்குகளில் பிளாஸ்டிக், இரும்பு, அட்டை பொறுக்கி விற்பவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. முதலாளி என்று காட்டவும் ஆள் இல்லை. இருமல், இளைப்பு என்று நெஞ்சுக்கோளாறு வந்தால் 'வேலையால் வந்தது' என்று யாரிடம் போய்க் கேட்பது?

இவர்களுக்காக இருப்பது மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் 'நமஸ்தே' திட்டம். 2023-இல் பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணியாளர்களுக்காகத் தொடங்கினார்கள். 2024-இல் குப்பை பொறுக்குபவர்களையும் சேர்த்தார்கள். கணக்கெடுப்பில் பெயர் ஏறினால் அடையாள அட்டை, பாதுகாப்பு உபகரணங்கள், பயிற்சி, ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஆகியவை உண்டு. குழுவாகச் சேர்ந்து குப்பை வண்டி வாங்க மானியமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதல் படி அந்தப் பெயர்ப் பதிவுதான். உங்கள் வார்டின் துப்புரவு ஆய்வாளரிடம் ஆதார் அட்டையோடு போய்க் கேளுங்கள்.

காப்பீடு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. ஆனால் அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு. இளைப்புக்கு மாதாமாதம் வாங்கும் இன்ஹேலர் அதில் வராது. அதற்கு அரசு மருத்துவமனைதான் வழி. போகும்போது கிடங்கில் வேலை செய்வதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பலர் சொல்வதில்லை, டாக்டரும் கேட்பதில்லை. மக்கும் குப்பையைக் கிளறும்போது பூஞ்சை வித்துகளும் நுண்தூசியும் பறக்கும், எரியும் குப்பையில் பிளாஸ்டிக் புகை சேரும். இதெல்லாம் தெரிந்தால்தான் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனைக்கு எழுதுவார்.

மாஸ்க் விஷயத்தில் ஏமாறாதீர்கள். துணி மாஸ்க் பெரிய தூசியை மட்டும் தடுக்கும். முகத்தோடு ஒட்டியிருக்கும் என்-95 நுண்தூசியைத் தடுக்கும். கிடங்கிலிருந்து வரும் வாயுக்களை இரண்டுமே தடுக்காது. 2022 ஏப்ரலில் பெருங்குடியில் நடந்ததுபோலத் தீப்பிடித்துப் புகைந்தால், எந்த மாஸ்க் இருந்தாலும் அங்கிருந்து விலகுவதே பாதுகாப்பு.

ஒப்பந்தப் பணியாளர்கள் கதை வேறு. மாதச் சம்பளம் ரூ.21,000-க்குள் இருந்து, நிறுவனத்தில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தாக வேண்டும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் என்றால் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2024 நவம்பரிலிருந்து சத்துணவுக்கு மாதம் ரூ.1,000 தருகிறார்கள். அது நேராக வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால், சிகிச்சைக்குப் பதியும்போதே பாஸ்புக்கைக் கொண்டுபோய்விடுங்கள்.