கோவையில் வாங்கிய கிரைண்டருக்கு மும்பையிலேயே புகார் தரலாம்

தாராவியில் இட்லி அவித்து விற்கும் குடும்பம் உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குப் போனபோது கோவையில் ஒரு டில்டிங் கிரைண்டர் வாங்கி வந்தீர்கள். இரண்டே மாதத்தில் மோட்டார் புகைந்து, உளுந்து பாதி அரைந்த நிலையில் நிற்கிறது. கடைக்குப் போன் செய்தால் "இங்கே கொண்டுவாங்க, பார்க்கலாம்" என்கிறார்கள். பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது."

அந்த வரியைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதை மாற்றியது. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இந்தச் சட்டத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் இல்லை என்பேன்.

சரி, "வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொன்னால்? சொந்தத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருள் என்றால் நீங்கள் நுகர்வோர்தான். சட்டமே அப்படிச் சொல்கிறது. அதனால் புகாரின் முதல் பத்தியிலேயே "நானும் வீட்டாரும் இட்லி அவித்துப் பிழைக்கிறோம்" என்று எழுதிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் கஷ்டம்.

பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் புகாருக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே பதியலாம். வீடியோ வழியாக விசாரணைக்கு வரவும் அனுமதி கேட்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். ஆணையம் வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது, அதற்கும் தயாராக இருங்கள்.

அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் செய்து பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் இது, தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் இல்லை, நிறுவனத்திடம் உங்கள் குறையைக் கொண்டுபோவார்கள். அங்கே தீராவிட்டால் ஆணையம்.

அப்புறம், பில்லையும் கேரண்டி கார்டையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் அச்சடித்துத் தரும் பில்லில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும்.